கோடைக்கால குவாண்டம் ஃபெலோஷிப்: ஆசிரியர்கள் எதைப் பார்த்து விண்ணப்பிப்பது?

#1 இயற்பியல்_மேசை

குவாண்டம் தகவல் அறிவியலில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கென்று வரும் கோடைக்கால ஃபெலோஷிப்களைப் பற்றி ஒரே இடத்தில் பேசிவைக்கலாம் என்றுதான் இந்த இழை. நாலு கேள்வி. ஒரு வாரப் பயிலரங்கா, ஆறு வார ஆய்வகமா? விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதினால் எடுபடும்? கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? கருவி எதுவும் இல்லாத பள்ளிக்கு எதைக் கொண்டுபோக முடியும்?

#2 பலகைக்குப்_பின்னால்

கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கு விடை தானாக வந்துவிடும். வகுப்பில் என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு பண்ணாமல் ஃபெலோஷிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் ஆறு வாரம் கழித்து சான்றிதழோடு மட்டும் திரும்புகிறார்கள்.

வகைகளைப் பார்ப்போம். ஆய்வக வகைக்கு அமெரிக்காவின் நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் நிதியில் நடக்கும் ஆர்இடி (ஆசிரியர்களுக்கான ஆய்வு அனுபவம்) திட்டங்கள் நல்ல எடுத்துக்காட்டு. ஆசிரியர் ஒரு ஆய்வுக்குழுவில் வழக்கமாக ஆறு வாரம் சேர்ந்து வேலை செய்கிறார், பிறகு கல்வியாண்டு முழுக்கத் தொடர்பு நீடிக்கிறது. பயிலரங்கு வகைக்கு கனடாவின் வாட்டர்லூவில் பெரிமீட்டர் இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஒரு வார ஐன்ஸ்டைன்பிளஸ் இருக்கிறது. அதே ஊரில் இன்ஸ்டிட்யூட் ஃபார் குவாண்டம் கம்ப்யூட்டிங் சில நாள் மட்டும் நடத்தும் ஷ்ரோடிங்கர்ஸ் கிளாஸும் உண்டு. செர்ன் ஆசிரியர் திட்டத்தையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அருமையான திட்டம்தான், ஆனால் அது துகள் இயற்பியல். கியூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) கற்க அங்கே போகாதீர்கள்.

அறிவிப்பைத் திறந்ததும் முதலில் தகுதி வரியைப் படியுங்கள். அரசு நிதியில் நடக்கும் பல திட்டங்களில் குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை நிபந்தனை இருக்கும். எந்த வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் என்ற நிபந்தனையும் இருக்கும். இது பொருந்தாமல் கட்டுரை எழுதுவது வீண் உழைப்பு.

அடுத்தது பணம். உதவித்தொகைக்குள்ளேயே தங்குமிடமும் பயணமும் அடக்கமா, தனியா? முழுத்தொகையும் முன்னால் வருமா, அல்லது பாடக்குறிப்பை ஒப்படைத்த பிறகுதான் கடைசித் தவணையா? வரி பிடித்துத் தருவார்களா, நாமே கட்ட வேண்டுமா? மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

#3 தேர்வுக்குழு_நாற்காலி

கட்டுரை பற்றி. "சிறுவயது முதலே குவாண்டம் உலகம் என்னை ஈர்த்தது" என்று தொடங்கும் கட்டுரைகள் கட்டுக்கட்டாக வரும். படிப்பவர் அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார். அவர் தேடுவது வேறு: இந்த ஆசிரியருக்குச் செலவிடும் பணம் எத்தனை மாணவர்களைப் போய்ச் சேரும், எந்த வழியாக?

இப்படி எழுதினால் கவனிப்பார்கள் (மாலஸ் விதி என்பது போலராய்டு தகட்டைத் திருப்பும் கோணத்தின் கொசைன் வர்க்கப்படி ஒளி குறைவது): "பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு பிரிவு, மொத்தம் 84 மாணவர்கள். அலை ஒளியியல் அலகில் மாலஸ் விதிக்கு இப்போது இரண்டு பாடவேளை ஒதுக்குகிறேன். அதை நான்காக்கி, அதே போலராய்டு தகடுகளை வைத்து நிலை வெக்டரையும் அளவீட்டையும் அறிமுகப்படுத்துவேன். கூடுதல் இரண்டு பாடவேளையைத் திருப்புதல் வாரத்திலிருந்து எடுக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்." இதில் அலங்காரம் ஏதும் இல்லை. ஆனால் எந்த அலகு, எத்தனை பாடவேளை, நேரம் எங்கிருந்து வருகிறது, யார் அனுமதித்தார் என்று எல்லாம் இருக்கிறது.

பரிந்துரைக் கடிதமும் இதையே சொல்ல வேண்டும். "கடின உழைப்பாளி, பண்பானவர்" என்ற கடிதத்தால் பயனில்லை. தலைமையாசிரியரிடம் உங்கள் திட்டத்தை அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடிதம் கேளுங்கள். அவர் கடிதத்தில் பாடவேளை அனுமதி ஒரு வரியாக வந்துவிட்டால் போதும். வட அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றுக்கு விண்ணப்பம் குளிர்காலத்திலேயே மூடிவிடும், ஆகவே கடிதத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் சொல்லிவையுங்கள்.

#4 அணியும்_வெக்டரும்

கணிதம் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. வகைக்கெழுச் சமன்பாடு வேண்டாம், ஹைட்ரஜன் அணு வேண்டாம். இரண்டு நிலை மட்டுமே உள்ள அமைப்புதான் கியூபிட் என்பதால் 2×2 அணிப் பெருக்கல், கலப்பெண்ணின் மட்டு, நிகழ்தகவு, இவ்வளவுதான்.

தயாரா என்று பார்க்க நாலு கணக்கு. பேனா, தாள், வேறெதுவும் வேண்டாம்.

ஹடமார்ட் அணியை (0-ஐ 0, 1 இரண்டின் சமக் கலவையாக்குவது) அதோடே பெருக்குங்கள், அலகு அணி வர வேண்டும். ஹடமார்ட், இசட் (1-இன் குறியை மாற்றுவது), ஹடமார்ட் மூன்றையும் பெருக்கினால் எக்ஸ் அணி (0-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றுவது) வர வேண்டும். (|00⟩ + |10⟩)/√2 என்ற நிலையில் முதல் கியூபிட்டைக் கட்டுப்பாடாக வைத்து சி-நாட் (முதல் கியூபிட் 1 என்றால் மட்டும் இரண்டாவதைத் திருப்புவது) செயல்படுத்தினால் (|00⟩ + |11⟩)/√2 வர வேண்டும். கடைசியாக, அந்த விடையை இரண்டு தனித்தனி கியூபிட் நிலைகளின் பெருக்கலாக எழுதப் பாருங்கள். முடியாது. ஏன் முடியாது என்று நாலு வரியில் காட்ட வந்துவிட்டால் என்டாங்கிள்மென்ட் (கியூபிட்டுகள் பிரிக்க முடியாதபடி பின்னிப் பிணைந்த நிலை) பிடிபட்டுவிட்டது.

இந்த நாலும் தடுமாறாமல் வந்தால் முதல் வாரத்தில் யாரும் உங்களை விட்டுவிட்டு ஓட முடியாது. வராவிட்டால் கோடைக்கு முன்னால் இரண்டு வாரம் இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். ஜனரஞ்சகப் புத்தகம் படித்துவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

#5 துகளும்_துக்கமும்

#3-இல் சொன்ன போலராய்டு பாடத்தில் ஒரு நெருடல். குறுக்காக வைத்த இரண்டு தகடு ஒளியை மறைத்துவிடும், நடுவில் 45 பாகையில் மூன்றாவதைச் செருகினால் ஒளி மறுபடி வரும். இந்த மூன்று தகடு சோதனையைக் குவாண்டம் என்று சொல்லி வகுப்பில் காட்டுவது நேர்மையா? மாலஸ் விதி 1809-ஆம் ஆண்டுச் சரக்கு. மின்காந்த அலையை வைத்தே முழுசாக விளக்கிவிடலாம். நன்றாகப் படிக்கும் மாணவர் யாராவது எழுந்து இதைக் கேட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

#6 ஒளியியல்_மேடை

கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு மில்லிவாட் சிவப்பு லேசரில் நொடிக்குச் சுமார் 3×10¹⁵ ஃபோட்டான் போகிறது. அந்தக் கூட்டத்தில் அலை விளக்கமே போதும். "இது குவாண்டம் விளைவுக்கான ஆதாரம்" என்று சொன்னால் தப்பு. "ஒரே ஒரு ஃபோட்டானை அனுப்பினாலும் இதே கொசைன் வர்க்கம் வரும், ஆனால் அப்போது அது ஒளிச்செறிவைச் சொல்லாது, கடந்துபோகும் நிகழ்தகவைச் சொல்லும்" என்றால் சரி. ஃபோட்டான் பாதியாக உடையாது, ஒன்று போகும் அல்லது போகாது. இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் பாடம் வெறும் ஒளியியலாகத்தான் நிற்கும்.

செய்முறையில் சொதப்பும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

3டி திரைப்படக் கண்ணாடியைக் கழற்றிப் பயன்படுத்தலாம் என்று நினைப்பார்கள். திரையரங்குகளில் தரப்படுபவை பெரும்பாலும் வட்ட முனைவாக்க வகை (ஒளியின் அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே இருக்கும்). லென்சில் கால் அலைத் தகடும் ஒட்டியிருப்பதால் இரண்டை அடுக்கிச் சுழற்றினாலும் நீங்கள் எதிர்பார்க்கிற முழு இருட்டு வராது, சாயம் பூசினாற்போல நிறம் வேறு தெரியும். நேர்க்கோட்டு முனைவாக்கத் தகடு என்று கேட்டு வாங்குங்கள்.

லேசர் பாயிண்டரும் இதற்கு உதவாது. அதன் ஒளி ஏற்கெனவே ஓரளவு முனைவாக்கப்பட்டிருக்கும், சூடேறும்போது செறிவும் ஆடும். முதல் தகட்டைச் சுழற்றினாலே அளவு மாறி மாணவர்கள் குழம்புவார்கள். சாதாரண எல்ஈடி கைவிளக்கு போதும், கண்ணுக்கும் ஆபத்தில்லை.

கைபேசிக் கேமராவை அளவுமானியாக வைக்க வேண்டாம், தானியங்கி எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் சமப்படுத்திவிடும். ஒளி உணரியின் லக்ஸ் அளவைக் காட்டும் செயலி பரவாயில்லை. விளக்கை அணைத்து அறை வெளிச்சத்தைத் தனியாகக் குறித்து, ஒவ்வொரு அளவிலிருந்தும் கழிக்க வேண்டும்.

எல்லோரும் தவறவிடும் இடம் ஒப்பீட்டு அளவு. 'கோட்பாட்டில் எட்டில் ஒன்று, எனக்கு அதைவிடக் குறைவாக வருகிறது' என்பார்கள். தகடு ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளியை விழுங்குகிறது, அதுதான் காரணம். வெறும் விளக்கை 100 என்று வைக்காமல், மூன்று தகடும் இணையாக இருக்கும்போது வரும் அளவை 100 என்று வையுங்கள். பிறகு நடுத்தகட்டை 45 பாகைக்கும் கடைசித் தகட்டை 90 பாகைக்கும் திருப்பினால் 25-க்குப் பக்கத்தில் வர வேண்டும். நடுத்தகடு 5 பாகை பிசகினாலும் 24.25-தான், பயமில்லை.

#7 துகளும்_துக்கமும்

மூன்று இணைத் தகட்டை 100 ஆக வைப்பது நல்ல யோசனை. நெருடல் தீர்ந்தது, அந்த ஒற்றை ஃபோட்டான் வாக்கியத்தைப் பலகையில் எழுதி வைத்தால்.

#8 சீட்டுக்கட்டு_ஈவ்

கருவியே வேண்டாம் என்றால் பிபி84 சாவிப் பரிமாற்றம், அதாவது ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும்படி ரகசியச் சாவியைப் பகிரும் முறை. பென்னட்டும் பிராசார்டும் 1984-இல் வெளியிட்டது. நாணயம், அட்டை, மூவர் கொண்ட குழுக்கள் போதும்: அனுப்பும் ஆலிஸ், பெறும் பாப், ஒட்டுக்கேட்கும் ஈவ். ஆலிஸ் நாணயம் சுண்டி ஒரு பிட்டையும், மறுபடி சுண்டி ஒரு அடிப்படையையும் (அளக்கும் திசை: நேர் அல்லது சாய்வு) தேர்ந்தெடுத்து அட்டையில் குறித்து அனுப்புகிறார். பாப் தன் அடிப்படையை நாணயத்தால் தேர்ந்தெடுக்கிறார். ஒத்துப்போனால் பிட்டை அப்படியே படிக்கிறார். ஒத்துப்போகாவிட்டால் அட்டையில் உள்ளதைப் பார்க்கக் கூடாது, நாணயம் சுண்டி வருவதுதான் விடை. நடுவில் ஈவும் இதையே செய்துவிட்டு, தான் கண்ட விடையையும் தன் அடிப்படையையும் வைத்துப் புது அட்டை எழுதி அனுப்ப வேண்டும்.

இந்தப் பாடம் தோற்பதற்கு முக்கியக் காரணம் எண்ணிக்கை. 12 அட்டை அனுப்பினால் அடிப்படை ஒத்துப்போவது சுமார் 6. ஒவ்வொரு பிட்டிலும் ஈவ் பிடிபடாமல் போகும் வாய்ப்பு முக்கால், ஆகவே அதில் 3-ஐச் சரிபார்க்கத் திறந்தால் ஈவ் தப்பிக்கும் வாய்ப்பு முக்காலின் கனம், அதாவது 42 விழுக்காடு. பாதிக் குழுக்களில் ஒட்டுக்கேட்டது தெரியாமலே போகும், "பாதுகாப்பு என்றீர்களே சார்?" என்று கேட்பார்கள். 72 அட்டை அனுப்புங்கள். ஒத்துப்போவது சுமார் 36, அதில் 18-ஐத் திறந்தால் ஈவ் தப்பிக்கும் வாய்ப்பு 0.6 விழுக்காட்டுக்கும் கீழ். ஒரு பாடவேளையில் முடியாதென்றால் நாலு குழுவின் விவரத்தைச் சேர்த்துக் கூட்டுங்கள்.

மற்றவை சின்னச் சின்னத் தவறுகள். ஆலிஸ் அடிப்படையை முன்கூட்டியே சத்தமாகச் சொல்லிவிடுவார், பாப் அளந்து முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். நாணயம் வேண்டாம், மனசிலிருந்தே எழுதுகிறோம் என்பார்கள், அப்போது 0101 என்று மாறிமாறித்தான் வரும். சரிபார்க்கத் திறந்த பிட்டுகளைச் சாவியிலிருந்து நீக்க மறப்பார்கள்.

லேசரும் அரை அலைத் தகடும் (முனைவாக்கத் திசையைத் திருப்பும் தகடு) வைத்து விற்கும் பிபி84 கருவித்தொகுப்புகள் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அதிலும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏராளமான ஃபோட்டான்கள். 1 மில்லிவாட் லேசரின் 1 மைக்ரோநொடித் துடிப்பு என்றால் 300 கோடிக்கு மேல். ஈவ் அதில் ஒரு பங்கைப் பிரித்து வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அதை மறைக்காமல் வகுப்பில் சொல்லுங்கள், ஒற்றை ஃபோட்டான் ஏன் வேண்டும் என்பது அங்கேதான் புரியும்.

#9 பைத்தான்_பரணி

கணினி ஆசிரியர்களுக்கு. இணையத்தில் கிடைக்கும் கிஸ்கிட் (ஐபிஎம்மின் குவாண்டம் நிரல் தொகுப்பு) பாடங்களில் பாதி இப்போது ஓடாது. 2024 பிப்ரவரியில் வந்த 1.0 பதிப்பில் பழைய எக்ஸிகியூட் கட்டளை எடுக்கப்பட்டுவிட்டது, ஏர் சிமுலேட்டர் (கியூபிட்டைச் சாதாரணக் கணினியில் போலச்செய்வது) தனிப் பொதியாகிவிட்டது. ஃபெலோஷிப்பில் தரும் நோட்டுப்புத்தகத்தை வாங்கும்போதே எந்தப் பதிப்பில் எழுதியது என்று கேட்டு, அந்தப் பதிப்பு எண்ணையும் கோப்பின் முதல் வரியில் எழுதி வையுங்கள்.

பிட் வரிசை இன்னொரு பொறி. கிஸ்கிட்டில் பூஜ்ஜியம் எண் கியூபிட் வலது ஓரத்தில் வரும். இரண்டு கியூபிட் சுற்றில் பூஜ்ஜியத்தில் எக்ஸ் போட்டால் விடை 01, 10 அல்ல. புத்தகங்களில் வழக்கம் நேர்மாறு. #4-இல் உள்ள சி-நாட் கணக்கை அப்படியே ஒப்பிட்டால் அணி வேறாகத் தெரியும்.

ஹடமார்டை இரண்டு முறை போட்டால் பழைய நிலைக்கே திரும்பும் என்பதுதான் நாணயத்துக்கும் கியூபிட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் சுற்று. நடுவில் அளந்தால் பாதிக்குப் பாதி, அளக்காவிட்டால் எப்போதும் 0. இதை நிஜக் கருவியில் ஓட்டும்போது கம்பைலர் இரண்டு ஹடமார்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும் என்று கண்டு, இரண்டையும் தூக்கிவிட்டு வெறும் கியூபிட்டை அளந்து தரும். விடை 'சரியாக' வரும், ஆனால் சோதனையே நடந்திருக்காது. நடுவில் ஒரு பேரியர் (இதைத் தாண்டிச் சேர்க்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் கட்டளை) போடுங்கள்.

100 முறை ஓட்டி 43, 57 வந்தால் "கருவி ஒருதலைப்பட்சம்" என்று எழுதுவார்கள். 100-க்கு திட்ட விலக்கம் 5, ஆகவே 40 முதல் 60 வரை இயல்பு. 1000 முறைக்குத் திட்ட விலக்கம் சுமார் 16. இதை முன்னாலேயே கணக்கிட வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஐபிஎம்மின் இலவசக் கணக்கில் நிஜக் கருவி நேரம் மாதத்துக்கு 10 நிமிடம் அளவுதான், வரிசை வேறு. வகுப்பு நடக்கும்போது விடை வரும் என்று நம்பாமல் முதல்நாளே ஓட்டிச் சேமித்து வையுங்கள். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லையென்றால் உலாவியிலேயே ஓடும் குவர்க் சிமுலேட்டர் போதும்.

#10 அணியும்_வெக்டரும்

இதோடு ஒன்று. "குவாண்டம் கணினி எல்லா விடையையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும்" என்ற வாக்கியத்தை மாணவர்கள் எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வருவார்கள். மறுத்துப் பேசுவதைவிட இரண்டு கியூபிட் குரோவர் தேடல் சுற்றை ஓட்டிக் காட்டுங்கள். நாலில் ஒன்றைத் தேட ஒரு தடவை போதும், நிகழ்தகவு 100 விழுக்காடு. இன்னொரு தடவை கூட்டினால் 25-க்கு விழுந்துவிடும், கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதற்குச் சமம். எல்லாவற்றையும் முயன்று பார்க்கும் கருவி அதிக நேரம் ஓடினால் ஏன் மோசமாக வேண்டும்? வீச்சுகள் (மட்டை வர்க்கித்தால் நிகழ்தகவு தரும் எண்கள்) கூடுவதும் கழிவதும்தான் வேலை செய்கின்றன என்பதை அந்தக் கேள்வியிலிருந்து எடுத்துச் சொல்லலாம்.

#11 இயற்பியல்_மேசை

நன்றி. இதெல்லாம் பயிலரங்கிலேயே கிடைத்துவிடும் போல. அப்படியானால் ஆறு வார ஆய்வகத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை? மீக்கடத்து கியூபிட் ஆய்வகத்தில் நம்மைக் கருவியைத் தொட விடுவார்களா?

#12 மில்லிகெல்வின்

பெரும்பாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அந்தக் குளிர்கலன் 10, 20 மில்லிகெல்வினில் இருக்கும். ஒரு முறை சூடாக்கிக் குளிர்வித்தால் நாட்கணக்கில் போய்விடும். முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி, நுழைவு அட்டை, கணினிக் கணக்கு என்று கழியும். மீதி ஐந்து வாரத்துக்கு என்ன வேலை என்பதைப் போவதற்கு முன்னால் வழிகாட்டியிடம் பேசி முடிவு செய்யாவிட்டால் வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

கேட்க வேண்டிய வேலை தரவு. கியூபிட்டை 1 நிலைக்கு ஏற்றிவிட்டு, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய் அளந்தால், இன்னும் 1-இல் இருக்கும் நிகழ்தகவு அடுக்குக்குறியாகக் குறையும். அப்படிக் குறைய ஆகும் நேரத்தை டி1 என்பார்கள். இன்றைய மீக்கடத்து கியூபிட்டுகளில் பத்துகளிலிருந்து நூறுகள் வரையிலான மைக்ரோநொடிகள். கதிரியக்கச் சிதைவு, மின்தேக்கி மின்னிறக்கம் இரண்டுக்கும் போடும் அதே வரைபடம், மடக்கை எடுத்தால் நேர்க்கோடு. இந்தத் தரவை வகுப்பில் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டால் பாடத்திட்டத்தில் உள்ள அலகுக்குள்ளேயே நிஜக் கியூபிட் வந்து உட்கார்ந்துவிடும். கோடு வளைந்து வந்தால் பதற வேண்டாம், வாசிப்புப் பிழையால் வரும் அடிமட்ட அளவைக் கழிக்காமல் மடக்கை எடுத்திருப்பார்கள்.

கைவேலை வேண்டும் என்பவர்கள் ஒற்றை ஃபோட்டான் ஒளியியல் ஆய்வகத்தைத் தேடுங்கள். 405 நானோமீட்டர் லேசர் படிகத்துக்குள் போய் 810 நானோமீட்டர் ஃபோட்டான் இணைகளாக வரும், இரண்டு உணரியும் ஒரே கணத்தில் துடிப்பதை எண்ணுவார்கள். ஒளிப்பாதையைச் சீரமைப்பது பொறுமை கேட்கும் வேலை, ஆசிரியர்களுக்கு நன்றாக வரும். #6-இல் சொன்ன 'போகும் அல்லது போகாது' என்பதை எண்ணிக்கையாகப் பார்ப்பதும் அங்கேதான்.

#13 தேர்வுக்குழு_நாற்காலி

ஒப்படைக்கும் பாடக்குறிப்பைப் பற்றி ஒன்று. 2020-இல் அமெரிக்காவில் குவாண்டம் தகவல் அறிவியலுக்கு ஒன்பது அடிப்படைக் கருத்துகள் என்று ஒரு பட்டியல் வகுத்தார்கள்: துறை அறிமுகம், நிலை, அளவீடு, கியூபிட், என்டாங்கிள்மென்ட், ஒத்திசைவு, கணிப்பு, தொடர்பு, உணர்தல். பாடக்குறிப்பில் ஒன்பதையும் திணிக்கிறவர்கள் உண்டு. இரண்டு போதும். போலராய்டு என்றால் நிலையும் அளவீடும். பிபி84 என்றால் அளவீடும் தொடர்பும்.

ஃபெலோஷிப் முடிவதற்குள் அந்தக் குறிப்பை வேறு பாட ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் அவர் நடத்துவதைப் பாருங்கள். அவர் எங்கே நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அங்கெல்லாம் ஒரு வரி சேருங்கள்.

#14 இயற்பியல்_மேசை

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் வணிகவியல் ஆசிரியர். அவரிடம் வாங்கும் கடிதம் செல்லுமா?

#15 தேர்வுக்குழு_நாற்காலி

தாராளமாக. அவர் குவாண்டம் பற்றி எழுத வேண்டாம், பாடவேளை தருகிறேன் என்று எழுதினால் போதும். இரண்டாவது கடிதம் கேட்டிருந்தால் மட்டும் உங்கள் பாடத்தைத் தெரிந்தவரிடம் வாங்குங்கள், வகுப்பை நேரில் பார்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது.